பதம் பார்த்தவள்

குழந்தை வளர்ச்சிப் பணியில் புதிதாகச் சேர்ந்த இளையோர் சிலர் அண்மையில் என் இல்லத்திற்கு வந்திருந்தனர். தாயின் கருவிலிருக்கும்போதே மதுவினால் மூளை ஊறுபட்டுப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அவர்களுள் ஒருவர், "ஐயா, நம்ம மாவட்டத்துல பொம்பளைய எங்க குடிக்காவ? நாங்களும் வார தாய்மார் எல்லார்ட்டயும் கேக்கத்தான் செய்யுதோம். எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுதாவ" என்றார். குடிப்பழக்கம் உண்டா என்ற வினாவுக்கு இல்லை என்ற விடை கிடைத்தவுடன் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவதாக மற்றவர்களும் உடன்பட்டனர்.

அந்த 'இல்லை'யை நான் அறிவேன். ஒருமுறை அதனைப் பொய் கலவாத ஒரு பெண்ணின் வாயிலிருந்தே கேட்டேன். இக்கட்டுரையை எழுதுவதால் எவருக்கும் நன்மை விளையும் என்ற நம்பிக்கை எனக்கு மிகுதியாக இல்லை. எழுதாமற்போனால் இன்னும் பல்லாண்டுகள் அந்த விடையையே உண்மையென்று எழுதிக்கொண்டு செல்வார்கள் என்ற அச்சம் மட்டும் இருக்கிறது. ஆதலால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் தமிழிலக்கியம் பயின்றேன். ஆசிரியப் பணி கிட்டாமையால், கற்றல் திறன் குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வண்ணார்பேட்டையில் ஓர் அறநிலையம் நடத்திய சிறு மருத்துவ மையத்தில் பயிற்றுநராகப் பணியேற்றேன். பேருந்து நிறுத்தத்திற்குப் பின்புறம், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். கீழே பாத்திரம் தட்டும் ஓசை ஓய்வதில்லை. சிறிய ஓசைக்கும் உடல் விதிர்க்கும் குழந்தைகளை அந்த மாடியில்தான் பழக்கினோம்.

மையத்தின் தலைவர் மருத்துவர் கோமதி அம்மையார். ஐம்பதைக் கடந்தவர்; உரத்த குரலினர்; நெல்லைப் பேச்சை எவர் முன்னிலையிலும் மாற்றிக்கொள்ளாதவர். அவருடைய முறைகளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குழந்தையைத் தொடுவதற்கு முன் கைகளை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, தம் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். நாற்காலி இருந்தும் பாயில்தான் அமர்வார். தலைச்சுற்றளவை மூன்றுமுறை அளந்து, மூன்றும் ஒத்தால்தான் ஏற்பார். பின்னர்க் குழந்தையின் மூக்கடியிலிருந்து மேலுதடுவரை இறங்கும் சிறு பள்ளத்தில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்ப்பார். அப்பள்ளம் இன்றி அவ்விடம் சமதளமாகவும், மேலுதடு நூல்போல் மெலிந்தும், கண்ணின் திறப்புக் குறுகியும் இருக்குமாயின் அவர் முகம் மாறும். ஆயினும் அதனை மட்டும் கொண்டு முடிவு கட்டமாட்டார். பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே தாயிடம் பேச்சைத் தொடங்குவார்.

தாய் பேசும்போது எழுதுகோலைத் தொடமாட்டார். "பேனாவக் கண்டா சனங்க போலீசக் கண்ட மாதிரி வாயப் பூட்டிக்கிடுவாவ" என்பார். 'ஏன்' என்னும் சொல்லும் அவ்வறையில் விலக்கப்பட்டிருந்தது. "ஏன்னு கேக்கவன் வக்கீலு. எப்படின்னு கேக்கவன்தான் வைத்தியன்" என்று எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

முப்பிடாதி எங்களிடம் வந்தபோது அவளுக்கு நான்கு வயது. களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து தாய் பேச்சியம்மாள் அவளை இடுப்பில் சுமந்து, இரண்டு பேருந்து மாறி அழைத்துவந்தாள். தோற்றத்தில் இரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாத குழந்தை. படியேறித் தாய் இறக்கிவிட்டவுடன், வாயிலில் நின்ற காவலாளியின் கையைப் பற்றிக்கொண்டு, "அப்பா, போலாம்" என்றாள். அவர் நெகிழ்ந்துபோனார். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று கீழே அழைத்துச் செல்லவும் முற்பட்டார். அனைவரும் சிரித்தோம், கோமதி அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்றார்.

"ஆமா டாக்டரம்மா. ஐஸ் விக்கவன், வளையல்காரன், யாரு கைய நீட்டுனாலும் போயிருவா. வேத்துமுகமே கெடையாது. ஊர்ல எல்லாரும் இவளத் தூக்கிக் கொஞ்சுவாவ" என்றாள் பேச்சி, சிறு பெருமையுடன்.

அளவைகளும் பிற நோய்களுக்கான சோதனைகளும் முடிந்தன. அம்மையாரின் சுண்டுவிரல் அச்சிறுமியின் மூக்கடியில் வெகுநேரம் நின்றது. பின்னர் என்னை நோக்கித் தலையசைத்தார். நான், "கருவுற்றிருந்த காலத்தில் மது அருந்தியதுண்டா, அம்மா?" என்று வினவினேன்.

பேச்சி என்னை விடுத்து அம்மையாரிடம், "இவுக எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"திருநவேலிதான். அவுக தமிழ் கோயிலுக்குள்ளயே இருந்து பழகிட்டு. நீ குடிப்பியான்னு கேக்காவ."

"ஆத்தாடி! இல்லவே இல்ல. எங்க குலசாமி மேல ஆணையா இல்ல."

அம்மையார் அந்த விடையை ஏற்றுக்கொண்டவர்போல் காலை நீட்டி அமர்ந்தார். முப்பிடாதி வயிற்றிலிருந்த நாள்களில் விடியலில் எழுந்தது முதல் உறங்கும்வரை என்னென்ன செய்தாய் என்று ஒன்றொன்றாகக் கேட்கலானார். அவசரமே இல்லை. வாசல் தெளித்தது, நீச்சத்தண்ணி குடித்தது, வாழைத்தோட்டத்தில் இலை அறுத்தது, மசக்கையில் புளியங்காய் தின்றது, எல்லாம் வந்தன.

"சாயங்காலம்?"

"சோறு பொங்குவேன். அவுக மேல ஓடைக்குப் போயிருப்பாவ. கூப்பிட்டு விட்டா, போயி பதம் பாத்துட்டு வருவேன்."

"எதுக்குப் பதம்?"

பேச்சி சிரித்தாள். "என்ன டாக்டரம்மா, பாயசத்துக்கா? சரக்குக்குத்தான்."

அவள் கணவன் சுடலைமுத்துவும் அவனுடைய தமையன் மாடசாமியும் மலையோடையில் கள்ளத்தனமாகச் சாராயம் காய்ச்சுபவர்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அம்மையாரின் குரலில் எவ்வித மாற்றமும் இல்லை.

"எப்படிப் பாப்ப?"

"நாக்குல விட்டுத்தான். ஆனா நாக்கு பாதிதான் சொல்லும். ஒரு மடக்கு முழுங்குனாத்தான் தொண்டை மிச்சத்தச் சொல்லும். மொதல்ல எறங்குனதுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசில ஒண்ணு. ஆம்பளைய நாக்கு வெத்தலையும் பொகையிலையும் போட்டு மரத்துப்போயிருக்கும்லா?"

"பிள்ளத்தாச்சியா இருக்கப்பவுமா?"

"அப்பந்தான் ரொம்ப. மசக்கக்காரி நாக்கு பொய் சொல்லாதும்பாவ. பக்கத்து ஓடைக்காரனுவளும் வந்து கூட்டிட்டுப் போவானுவ. நான் சரின்னாத்தான் கீழ எறக்குவாவ."

"மொதல்ல குடிக்கது இல்லன்னியே பிள்ளே?"

பேச்சியின் முகம் சிவந்தது. உண்மையாகவே புண்பட்டாள். "குடிக்கவளா நானு? கொழம்புக்கு உப்புப் பாக்கவ சாப்புட்டவ ஆயிருவாளா, டாக்டரம்மா?"

நான் தமிழ் கற்றவன். 'பதம்' என்பதற்குப் பக்குவம் என்றும் சொல் என்றும் பொருளுண்டென அறிவேன். அவ்வூரில் 'குடி' ஆடவருக்குரிய வினை; கடையோரத்தில் விழுந்து கிடப்பது. 'பதம் பார்ப்பது' பெண்ணுக்குரிய வேலை, அடுப்படியைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே நீர்மம் ஒரே தொண்டையில் இறங்குவதுதான் என்பதை அச்சொற்கள் அவளிடமிருந்து மறைத்திருந்தன. அவள் பொய் சொல்லவில்லை.

அன்று அம்மையார் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. குழந்தையின் மூளை பிறக்கும் முன்னரே மெலிந்துவிட்டது, முற்றும் நேராகாது, பழக்கினால் ஓரளவு தேறும் என்று மட்டும் சொன்னார். பழியைச் சுமந்துகொண்டு எந்தத் தாயாலும் குழந்தையைப் பழக்க இயலாது என்பது அவர் கருத்து.

பேச்சி வாரந்தோறும் வந்தாள். நானும் அவ்வூருக்குச் சென்றுவந்தேன். முப்பிடாதியிடம் இரண்டு கட்டளைகளை ஒருசேரச் சொல்லலாகாது. "செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வா" என்றால் இரண்டையும் இழந்து நிற்பாள். "செருப்பு" என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். அது முடிந்தபின் "வாசல்." நாள்தோறும் அதே வரிசை, அதே சொல், அதே குரல். வரிசை குலைந்தால் தரையில் தலையை மோதிக்கொண்டு அலறுவாள். வீட்டுக்கு எதிரே பச்சையாற்று வாய்க்கால் ஓடியது. நீரைக் கண்டு அஞ்ச அவளுக்குத் தெரியாது. ஆதலால் முதலில் கற்பித்த சொல் "நில்லு."

இக்குழந்தைகளின் கொடுமை யாதெனில், நேற்று அறிந்ததை இன்று அறியார். நாளை மீண்டும் அறிந்திருப்பர். சுடலைமுத்துவுக்கு இது விளங்கவில்லை. "நேத்துச் சொன்னப்ப நின்னா. இன்னைக்கு என்ன? கொழுப்புதானே?" என்று கை ஓங்குவான். அம்மையார் ஒருநாள் அவனை வரவழைத்தார்.

"கோடையில ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டுதியே, நேத்துத் தோண்டுன குழி இன்னைக்கு அப்படியே இருக்காலே?"

"மூடிரும்."

"அதுக்காக மணல அடிப்பியா?"

"தோண்டுவேன்."

"அவ தலையும் அப்படித்தான். தெனமும் தோண்டு. தண்ணி வரும்."

சுடலைமுத்து தலைகுனிந்து சென்றான். அதன்பின் அடிக்கவில்லை என்று பேச்சி சொன்னாள். தோண்டியவளும் பேச்சிதான். அவளைப்போல் பொறுமை வாய்ந்த தாயை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஓராண்டு முடிவில் "நில்லு" என்ற குரல் கேட்டால் முப்பிடாதி வாய்க்கால் விளிம்பில் நின்றாள். பேச்சியின் குரலுக்கு மட்டும்.

அப்போது பேச்சி மீண்டும் கருவுற்றாள்.

அதனை அவள் நாணத்தோடு தெரிவித்துவிட்டு வெளியே சென்றாள். சொல்லாவிட்டால் வயிற்றிலிருப்பதும் முப்பிடாதியைப்போல் பிறக்கும். சொன்னால், முப்பிடாதி எவ்வாறு இவ்வாறானாள் என்பது பேச்சிக்குத் தெரிந்துவிடும். "சொல்லித்தான் ஆவணும், சார்வாள்" என்றார் அம்மையார். பேச்சியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, பாயில் அருகே அமர்த்தி, அவள் முழங்காலில் கை வைத்துக்கொண்டு சொன்னார். தாய் விழுங்குவது குருதி வழியே குழந்தைக்கும் செல்கிறது. மடக்கு சிறிதாயினும் அதன் தலையும் மிகச் சிறிது. இவ்வளவே.

பேச்சி அழவில்லை. கீழே பாத்திரம் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பின்னர், "அப்பம் அது எம்பிள்ளையத்தான் பதம் பாத்திருக்கு" என்றாள். கத்தி காலைப் பதம் பார்த்தது என்கிறோமே, அந்தப் பொருளில் சொன்னாள்.

"இனிமே பாக்காத" என்றார் அம்மையார்.

"பாக்க மாட்டேன்."

அவள் சொன்ன சொல்லைக் காத்தாள். கணவன் அழைத்தபோது மறுத்தாள். ஏன் என்று அவன் கேட்டான். எங்கள் அறையில் விலக்கப்பட்டிருந்த அச்சொல்லுக்கு, மறைக்கத் தெரியாத அப்பெண் உள்ளதை உள்ளபடி விடை கூறிவிட்டாள்.

சில நாள்களில் மாடசாமி தம்பியை அழைத்துக்கொண்டு மையத்திற்கு வந்தான். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. "டாக்டரம்மா, நீங்க படிச்சவிய. நீங்க சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான் மாடசாமி."

"அப்பம் பிள்ளையக் கெடுத்தது அவதான்னு நீங்களே ஒத்துக்கிடுதிய."

"காய்ச்சுனது யாரு? வா வான்னு கூப்பிட்டது யாரு? அவளா ஓடைய மெனக்கெட்டுத் தேடிப் போனா?"

"காய்ச்சுனவன் வயித்துலயா பிள்ள இருந்துச்சு?" என்றான் மாடசாமி.

எதற்கும் உடனே விடை சொல்லும் அம்மையார் அன்று அவனை விடுத்து, சுடலைமுத்துவிடம் திரும்பி, "உனக்கும் அதுதான் எண்ணமாலே?" என்றார். அவன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் சொல்லுதாவ" என்றான்.

பேச்சியைச் சேரன்மாதேவிப் பக்கத்திலிருந்த தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். முப்பிடாதியை அனுப்பவில்லை. இருக்கிற ஒன்றையும் முழுதாகக் கெடுத்துவிடுவாள் என்பது ஊர் சொன்ன காரணம். அவளைத் தவிர அக்குழந்தையைக் காக்க அறிந்தவர் எவருமிலர் என்று நாங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் மன்றாடினோம். அவர்கள் எங்களுக்கு நன்னாரி சர்பத் கொடுத்து மரியாதையுடன் வழியனுப்பினர். அம்மையார் வழக்கறிஞரை நாடினார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் தாயிடமே இருத்தல் வேண்டும் எனச் சட்டம் சொல்வதாக அவர் எடுத்துரைத்தார். முப்பிடாதி ஐந்தைக் கடந்திருந்தாள். அவ்வாறாயினும் வழக்கிட்டுப் பார்க்கலாம் என்றபோது பேச்சி உடன்படவில்லை. "கோர்ட்டுக்குப் போனா ஓடை வெளிய வந்துரும், சார்வாள். அவுகளப் பிடிச்சு உள்ள போட்டுட்டா எம்பிள்ளைக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கா?" என்றாள்.

நான் தொடர்ந்து அவ்வூருக்குச் சென்றேன். குழந்தையை மாடசாமியின் மனைவி வைத்திருந்தாள். அவளுக்கும் மூன்று குழந்தைகள், கூலி வேலை. வரிசையையும் ஒற்றைச் சொல்லையும் அவளுக்குக் கற்பிக்க முயன்றேன். "இதுக்கெல்லாம் எங்க சார்வாள் நேரம்?" என்பாள், அதுவும் உண்மையே. ஒருநாள் சென்றபோது முப்பிடாதியின் காலில் வாழைநார்க் கயிறு கட்டி, மறுமுனையைக் கட்டிலில் பிணைத்திருந்தனர். கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் கையை நீட்டி, "அப்பா, போலாம்" என்றாள்.

"கெட்டாம என்ன செய்ய? வாய்க்கால்ல போய் நின்னுருதா. நான் கத்துனா நிக்க மாட்டேங்கா. அவ ஆத்தா கொரலுக்குத்தான் நிப்பாளாம்" என்றாள் அப்பெண். அவள் கொடியவளல்லள். எனக்கு மோர் கொண்டுவந்து தந்தாள். கயிற்றுக்கும் தோலுக்கும் இடையே பழந்துணி சுற்றக் கற்பித்துவிட்டு வந்தேன். ஆண்டுகள் பல பயின்று, ஈற்றில் அவ்வீட்டில் நான் கற்பிக்க முடிந்தது அதுவே.

அவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு அக்குடும்பம் காரையாற்றங்கரை மலைக்கோயிலுக்குச் சென்றது. காட்டில் குடிசை போட்டுச் சில நாள்கள் தங்குவது வழக்கம். ஊரோடு பிள்ளையும் மகிழட்டும் என்று மாடசாமியின் மனைவிதான் கயிற்றை அவிழ்த்து, புதுப்பாவாடை உடுத்தி அழைத்துச் சென்றாள். அது அவளுடைய இரக்கம். பொங்கல் பானை இறக்கும்போது குழந்தை அருகில் இருந்தாள். இறக்கியபின் இல்லை. ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு சென்றதாக ஒருத்தி சொன்னாள். குழந்தை அவருடைய பேத்தியாக இருக்குமென்று எண்ணினாளாம். ஆற்றை நோக்கித் தனியே சென்றதாக வேறொருவர் சொன்னார். சுடலைமுத்து மூன்று நாள் நீரில் மூழ்கித் தேடினான் என்று கேள்வியுற்றேன். ஆறு கொண்டுவிட்டது என்று ஊர் முடிவு செய்தது.

பேச்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பச்சையுடல் தேறியதும் மையத்திற்கு எடுத்துவந்தாள். அம்மையார் கைகளை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, சிறுவனின் மூக்கடியில் விரலை வைத்தார். பள்ளம் தெளிவாக இருந்தது.

"இவனுக்கு இருக்குல்லா?" என்றாள் பேச்சி.

"நல்லா இருக்கு."

பேச்சி தன் விரலாலும் அதனைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பம் நீங்க சொன்னது சரிதான், டாக்டரம்மா" என்றாள். அம்மையார் எழுந்து அடுத்த அறைக்குச் சென்றுவிட்டார். அவர் அழுததை நான் கேட்ட ஒரே நாள் அது. கூறிய உண்மையால் ஒரு குழந்தை காக்கப்பட்டது; அதே உண்மையால் ஒரு குழந்தை தொலைந்தது. இதில் எவர் எவ்விடத்தில் வேறுவிதமாக நடந்திருக்க வேண்டும் என்று பணிக்காலம் முழுவதும் எண்ணினேன். விடை கிட்டவில்லை. அம்மையாரும் விடை அறியாமலே மறைந்தார். அதன்பின் எங்களிடம் வந்த இத்தகைய குழந்தைகள் பலர். எவரையும் நாங்கள் நேராக்கியதில்லை. சிலரைச் சிறிது காலம் பாதுகாப்பாக வைத்திருந்தோம். அவ்வளவே.

இளையோர்க்குச் சொல்வது ஒன்றே: தாயிடம் குடிப்பாயா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நாள் முழுவதையும் கேளுங்கள். கேட்டபின் என்ன செய்வது என்பதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

முதுமையின் நினைவிலிருந்து எழுதியது இது. மருத்துவச் செய்திகளிலோ, ஊர் வழக்கிலோ, சட்டத்திலோ பிழை காண்போர் தயங்காது திருத்துக. ஓரிடத்தில் மட்டும் நானே திருத்தம் வேண்டுகிறேன். ஆறு கொண்டுவிட்டது என்பதை நான் ஊரார் சொல்லக் கேட்டே எழுதியிருக்கிறேன், கண்டவர் எவருமிலர், உடல் கிடைக்கவில்லை. முப்பது கடந்த, உருவில் சிறுத்த, நேற்றுச் சொன்னதை இன்று மறக்கும் ஒரு பெண்ணை எவ்வூரிலேனும், எவர் வீட்டிலேனும் நீங்கள் கண்டிருந்தால், கையை நீட்டிப் பாருங்கள். அவள் பற்றிக்கொண்டால், நான் எழுதிய அவ்வரி பிழையென்று எனக்குத் தெரிவியுங்கள். சேரன்மாதேவியில் அவ்வரியை இன்றுவரை நம்பாத ஒருத்தி இருக்கிறாள்.